அம்மா சொன்னதாக நான் சொன்னது

எங்கள் டெலிபோன் ஊழியர் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். "ட்ரங்க் கால் காலத்தப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்று செயலாளர் தம்பி போனில் கேட்டார். ஜாலியாகவா? முப்பது வருஷத்துக்கு மேல் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் சண்டையையும் சாவையும் கேட்டவளிடம் வந்து ஜாலி கேட்கிறார். சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜாலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை பக்கம். எழுபதுகளின் நடுவில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. திருச்சியில் பயிற்சி. முதல் வாரம் முழுக்க ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று. இரண்டாவது வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, அதனால் அழவும் முடியவில்லை. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு அரியலூரில் நாலு வருஷம். சிமெண்ட் லாரி வந்ததா, சாக்கு வந்ததா, இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. கல்யாணம் ஆனதும் பெரம்பலூர் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வாங்கி வந்தேன். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்தக் கட்டடத்தை எதற்கு இழுப்பது?

இப்போது உள்ளவர்களுக்கு அந்த போர்டைச் சொன்னால் புரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன மூடிகள். யாராவது போனைச் சுழற்றினால் அவருடைய மூடி டப்பென்று கீழே விழும். ஒயரைச் செருகி என்ன நம்பர் என்று கேட்போம். வெளியூர் என்றால் சீட்டு எழுதி, திருச்சியைப் பிடித்து, திருச்சி மெட்ராஸைப் பிடித்து, லைன் கிடைக்கிற வரை காத்திருக்க வேண்டும். ஒரு காலுக்கு மூன்று நிமிஷம். கண்ணெதிரே கடிகாரம் ஓடும்.

அங்கே சூப்பர்வைசர் கோமதியம்மா. கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான் கட்டுவார். அவர் எழுந்தால் சேலை மொடமொடவென்று சத்தம் போடும், எங்கள் முதுகெல்லாம் தானாக நிமிரும். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. தப்பாக ஒயரைச் செருகினால் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலே கையை நீட்டி, அதைப் பிடுங்கிச் சரியான துளையில் செருகிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை இருக்காது. நாலு வசவு வைதிருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

அவர் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி, 'சொல்லிக் கொடுப்பது' பற்றி. தூரத்துக் கால்களில் குரல் தேய்ந்து போகும். இவர் கத்துவது அவருக்குக் கேட்காது, அவர் கத்துவது இவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கிற எங்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஓரளவு கேட்கும். அப்போது நாங்களே "சாப்பிட்டியான்னு கேக்குறாங்க", "சாப்பிட்டாராம்" என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிடுவோம். சட்டப்படி கூடாது. ஆனால் அந்தக் காலத்தில் அதைச் செய்யாத ஆபரேட்டர் யாருமில்லை. கோமதியம்மாவும் தடுக்கவில்லை. "கேக்குறத அப்படியே சொல்லு பிலோமி. உன் சொந்தச் சரக்கு ஒரு சொட்டு அதுல கலக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

எண்பதுகள் தொடங்கியபோது எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே லப்பைக்குடிக்காடுதான். அந்த ஊரில் பாதி ஆண்கள் அரபு நாட்டில் இருந்தார்கள். சபர் போயிருக்கிறார் என்பார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. இன்ன மாதம் முதல் வெள்ளி கூப்பிடுவேன் என்று கடிதம் வரும். குடும்பம் மொத்தமும் பஸ் ஏறி எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்துவிடும். ஜும்மா தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தால், இரண்டு மணிக்கும் வரலாம், ஐந்து மணிக்கும் வரலாம், வராமலும் போகலாம். போர்டு அறைக்குப் பக்கத்தில் பேசுகிறவர்களுக்கென்று ஒரு கூண்டு. நடுவில் கண்ணாடி. கால் வந்ததும் அந்தக் கூண்டுக்குள் ஏழு பேர் நுழையப் பார்ப்பார்கள். "ஒருத்தர் மட்டும் போங்க! போனு என்ன தேரா, எல்லாரும் சேந்து இழுக்குறதுக்கு?" என்று கத்துவேன். எனக்கு வாய் அப்போதே அதிகம்.

அந்த ஊர்ப் பையன் ஜப்பாரின் முதல் ட்ரங்க் காலை நான்தான் எடுத்தேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். போய் மூன்று மாதம். கூண்டுக்குள் அவன் அம்மா சபூராம்மா, கண்ணாடிக்கு வெளியே அவன் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா மஜீது பாய், தங்கை ஜீனத். மூன்று நிமிஷமும் அந்தப் பையன் அழுதான். இந்தப் பக்கம் சபூராம்மா ரிசீவரை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு "நாங்க நல்லா இருக்கோம், நாங்க நல்லா இருக்கோம்" என்று ஓதுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நான் எடுத்துச் சொல்லச் சொல்ல அவன் அழுகை கூடியது. "சோறு எறங்க மாட்டேங்குதும்மா. நான் வந்துடறேன், என்னைக் கூப்பிட்டுக்கோங்க" என்பது மட்டும் கடைசியில் கேட்டது. கால் அறுந்தது.

வெளியே வந்து மஜீது பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருசம் இருந்தாத்தான் கம்பெனிக்காரன் பாஸ்போட்டக் குடுப்பான். இவன் இப்படிச் சாப்பிடாமக் கெடந்தா உசுரோட திரும்புவானா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால்?

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் நான் அழுதபோது "எல்லாரும் நலம்" என்று அப்பா எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். நான் இல்லாமலே எல்லாரும் நலமாக இருக்கிறார்களே என்ற ஆத்திரம். என் தம்பி எழுதினான், 'வெள்ளாடு உன் பாவாடையைத் தின்றுவிட்டது' என்று. அதைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதனால் அடுத்த தடவை சபூராம்மா வந்தபோது, கால் வருவதற்கு முன்னாலேயே பிடித்து உட்கார வைத்தேன்.

"நல்லா இருக்கோம்னு ஒரு தடவகூடச் சொல்லாதீங்க. இந்த வாரம் வூட்டுல என்ன நடந்துச்சு? அதச் சொல்லுங்க."

"என்னம்மா நடக்கப் போவுது எங்க வூட்டுல? எங்க ஆடு கருப்பி குட்டி போட்டுச்சு. இந்த ஜீனத்து தச்ச ரவிக்க கோணலாப் போச்சு."

"அதான். அதச் சொல்லுங்க."

சொன்னார். நான் எடுத்துச் சொன்னேன். "அம்மா சொல்றாங்க, கருப்பி ரெண்டு குட்டி போட்டுதாம்." அந்தப் பக்கம் விசும்பல் நின்றது. அப்புறம், "கெடாயா, பொட்டையா?" என்று கேட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சபூராம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹெட்செட்டுக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து ஒரு வருஷம், இரண்டு மாதத்துக்கு ஒரு வெள்ளி. ஜீனத் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டே வருவாள். கொல்லையில் பாகல் காய்த்தது, பக்கத்து வீட்டில் புதுக் கதவு, அத்தா வழுக்கி விழுந்து பல் போனது. பையன் தேறிவிட்டான். அறையில் இருக்கிற நாலு பேருக்கு அவன்தான் சோறாக்குகிறானாம், அம்மா ஆனத்துக்கு, அதாவது குழம்புக்கு, எவ்வளவு புளி போடுவார் என்று கேட்டான். ஊருக்குள் என் பேர் பரவியது. மற்ற குடும்பங்களும் வந்தால் "பிலோமியம்மா ட்யூட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் கணவரிடம் இதையே பேசி அவர் தூக்கத்தைக் கெடுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மஜீது பாயும் ஜீனத்தும் மட்டும் வந்தார்கள்.

"அம்மா எங்க?" என்றேன்.

"அம்மாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கிச்சுங்க. வாயும் போயிடுச்சு. பத்து நாளாவுது" என்றாள் ஜீனத்.

மஜீது பாய் குனிந்தபடியே சொன்னார். "அவன்கிட்ட சொல்ல வேணாம். இப்பத்தான் மனுசனா நிக்கிறான். சொன்னா அங்கேயே விழுந்துருவான்."

இது அவர் கண்டுபிடித்த வழி இல்லை. சபரில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். கையில் பாஸ்போர்ட் இல்லாதவன் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்பார்கள். மவுத்து, அதாவது சாவுச் செய்தியைக்கூட நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகுதான் கடிதத்தில் எழுதுவார்கள். ஊரே சேர்ந்து வாயைக் கட்டிக்கொள்ளும்.

கால் வந்தது. ஜப்பார் எடுத்த எடுப்பில் "அம்மாவைக் கூப்பிடுங்க" என்றான். கூண்டுக்குள் மஜீது பாய் "அவ பக்கத்துலதான் இருக்கான்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். "பேசச் சொல்லுங்க" என்றான். மஜீது பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். லைன் மோசமாக இருந்தது, அவனுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை, என் குரலைத் தவிர. "அம்மா சொல்றாங்க, இன்னக்கி முருங்கக்கீரை ஆனமாம், நீ இருந்தா சட்டிய வழிச்சிருப்பியாம்" என்றேன். அவன் சிரித்தான். மஜீது பாய் தலையை ஆட்டினார். அந்தக் கீரை என் வீட்டில் அன்று காலையில் நான் ஆய்ந்தது.

அதற்கடுத்த தடவையும் அப்படியே ஓடியது. சபூராம்மா எப்படிப் பேசுவார், எங்கே நிறுத்துவார், எதற்கு 'என்னத்தா' என்று மகனைக் கொஞ்சுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லப்போனால் அவரைவிட நான் நன்றாகவே பேசினேன்.

மூன்றாவது தடவைதான் அது நடந்தது. ஜப்பாருக்கு இரண்டு வருஷம் முடியப் போகிறது. குரலில் ஒரு பரபரப்பு.

"பெருநாளைக்கு ஊருக்குப் போறவனுக்குப் பாஸ்போட்டு தர்றாங்க. இல்லன்னா இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போடணும். நாளைக்குள்ள சொல்லணுமாம். எனக்கு ஒண்ணும் புரியல. அம்மாவக் கேளுங்க. அம்மா வான்னா வந்துடறேன். இருன்னா இருக்கேன். அம்மா வாயால சொல்லச் சொல்லுங்க."

நான் அதை அப்படியே கூண்டுக்குச் சொன்னேன். மஜீது பாய் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீனத் கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி அத்தாவிடம் ஏதோ சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. மஜீது பாயின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் நாற்பது நொடி.

"என்ன சொல்றாங்க?" என்றான் ஜப்பார்.

"இருந்துட்டே வாப்பாங்கறாங்க. நாங்கல்லாம் சௌக்கியமா இருக்கோம். இப்ப வந்துட்டுப் போனா மறுபடி மொதல்லேருந்து அழுவ, இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்க என்னத்தாங்கறாங்க."

யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"அம்மாவேவா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"ஆமா. பக்கத்துலதான் நிக்கிறாங்க."

"சரி. அம்மா சொன்னாச் சரி." கால் அறுந்தது.

ஏன் சொன்னேன் என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. வந்து அம்மாவை அந்தக் கோலத்தில் பார்த்தால் பையன் உடைந்து போவான் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதி என்னவென்றால், அவனைத் தேற்றியது நான். சோறு இறங்காமல் கிடந்தவனைச் சோறாக்க வைத்தது நான். அவன் வந்து நின்றால் இத்தனை மாதம் நான் பேசியது பொய் என்று ஆகிவிடும். என் கெட்டிக்காரத்தனம் கெட்டுப்போகக் கூடாதென்று ஒரு பிள்ளையின் வழியை மறித்தேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பூச்சுதான்.

மஜீது பாய் வெளியே வந்து எனக்குக் கும்பிடு போட்டார். முடிவெடுக்கிற பாரத்தை யாரோ இறக்கி வைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. ஜீனத் என்னைப் பார்க்கவே இல்லை.

பின்னால் மொடமொடவென்று சத்தம். கோமதியம்மா தன் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேற்பார்வைக்கு அவர் எந்த லைனையும் கேட்கலாம்.

"அந்தம்மா வந்திருந்தாங்களா?"

"இல்லீங்க மேடம்."

அவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கினார், நேரத்தைச் சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டு அடுக்கில் வைத்தார். அடுத்த வாரம் ட்யூட்டி பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு எனக்கு லோக்கல் போர்டு. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவர் ஓய்வு பெறும் வரை ஒரு வெளிநாட்டுக் கால்கூட என் கைக்கு வரவில்லை. மெமோ இல்லை, விசாரணை இல்லை, ஒரு பேச்சும் இல்லை. அந்தப் பெண்மணி மேல் எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. இன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருக்கிறது.

ஆறு வாரத்தில் சபூராம்மா இறந்துவிட்டார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வேறு காலுக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஃபாத்திஹா முடிந்து ஜப்பாருக்குக் கடிதம் போயிற்றாம். அதற்குள் அவன் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். வர முடியவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், ட்யூட்டி முடிகிற நேரம், வாட்ச்மேன் வந்து என்னைப் பார்க்க யாரோ வந்திருப்பதாகச் சொன்னார். வெளியே ஒல்லியாக, உயரமாக ஒரு ஆள். பக்கத்தில் ஜீனத். ஜப்பாரின் முகத்தை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்த முகம் வேறு.

"சலாமுங்க. நீங்கதானே பிலோமியம்மா? உங்க கொரலு எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்" என்று சிரித்து, ஒரு சென்ட் பாட்டிலை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

"உங்களுக்கு ஒரு தொந்தரவு குடுக்கணும். அம்மா என்கிட்ட கடைசியாப் பேசுனது அந்தப் பெருநாளுக்கு முந்தின கால்லதான். எனக்கு லைன்ல ஒண்ணும் கேக்கல. அம்மா சொன்னது உங்க காதுலதான் விழுந்துச்சு. அத ஒரு தடவ, அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

நான் ஜீனத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். வெளியே வந்தது அதே சொற்கள்தான். இருந்துட்டே வாப்பா. பல்லக் கடிச்சிக்க என்னத்தா. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். "அம்மாவேதான் இருக்கச் சொன்னாங்க. அந்த ஒண்ணுதாங்க எனக்கு. இல்லன்னா கையெழுத்துப் போட்ட கைய நானே வெட்டிப் போட்டிருப்பேன்" என்றான். பிறகு பஸ் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று ரோட்டுப் பக்கம் போனான்.

ஜீனத் நின்றாள். நானே தொடங்கினேன். "நான் பண்ணது தப்பும்மா. உங்கண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லாதீங்க. அந்தக் கால் பேசுன அன்னக்கி அம்மா நல்லாத்தான் இருந்தாங்கன்னு தெருவே சொல்லி வச்சிருக்கு. அண்ணனும் நம்பிடுச்சு." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஆனா நீங்க தெரிஞ்சுக்கணும். அம்மாவுக்கு வாய் போயிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, முழுசாப் போவல. ஒரே ஒரு சொல்லு மட்டும் மிஞ்சி இருந்துச்சு. வா. தண்ணி வேணும்னாலும் அதான், ஒத்தடம் குடுத்தாலும் அதான். ஆனா அண்ணன் பேரச் சொன்னா மட்டும் என் கையப் புடிச்சிக்கிட்டு அதையே சொல்லிக்கிட்டுக் கெடப்பாங்க. அன்னக்கி நாங்க பஸ் ஏறப் பொறப்புடறப்பவும் சொன்னாங்க. அதத்தான் அன்னக்கிக் கூண்டுல அத்தாகிட்ட சொல்லிக்கிட்டு நின்னேன். சொல்லுங்கத்தா, அம்மா வான்னுதானே சொல்றாங்க, சொல்லுங்கத்தான்னு. அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க."

பஸ் ஹாரன் அடித்தது. போயிட்டு வரேங்க என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நாற்பது வருஷம் ஆகப் போகிறது. ஜீனத் கேட்டுக்கொண்டபடி யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. இப்போது எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஜப்பாரும் கிழவராகியிருப்பார், மறுபடி அவரைக் கொல்லுவானேன் என்று இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். ஆனால் நான் போய்விட்டால் இது யாரிடமும் இருக்காது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் படித்தால் தெரிந்துகொள்வார்.

ஜப்பார், உங்கம்மா உங்களை இருக்கச் சொல்லவில்லை. வரத்தான் சொன்னார்.